முப்பத்தொரு புள்ளிகள்

மார்ச் 4

அண்ணிக்கு,

அண்ணனுடைய புதுக் கண்ணாடியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எழுதி அனுப்பினால் அவர் படிக்க மாட்டார் என்பதால் உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது. வேறு காரணம் எதுவும் இல்லை.

முதல் நான்கைந்து நாள் படி இறங்கும்போது தரை பக்கத்தில் வருவது போலத் தோன்றும். பயப்பட வேண்டாம், பழகிவிடும். சட்டை முனையால் துடைக்கக் கூடாது. பெட்டிக்குள் துணி வைத்திருக்கிறேன். இடது காதுப் பக்கம் தளர்ந்தால் அங்கேயே ஏதாவது கடையில் கொடுத்து முடுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தத் திருகாணியைப் பொருத்துவதற்குள் மூன்று முறை கீழே விழுந்துவிட்டது. இப்போதெல்லாம் திருகாணிகள் மட்டமாக வருகின்றன. விரலில் நிற்பதே இல்லை.

நான் நன்றாக இருக்கிறேன். அண்ணன் கேட்டால் இதையே சொல்லுங்கள். எனக்கு ஃபோன் செய்ய வேண்டாம் என்று சொன்னது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

உங்கள் நாத்தனார்


மார்ச் 11

அன்புள்ள திருகாணிக்கு,

உன் அண்ணன் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கூப்பிட்டுவிட்டேன். கண்ணாடி வந்து சேர்ந்தது. அவர் இரண்டு நாளாக, தண்ணீர் தேங்கிய தெருவைத் தாண்டுகிறவர் மாதிரி காலைத் தூக்கித் தூக்கிப் படி இறங்குகிறார். தங்கச்சி கை வைத்த கண்ணாடி என்று பக்கத்து வீடு வரை காட்டிவிட்டு வந்தாயிற்று.

இப்போது கோபப்படாமல் கேள். நீ எழுதிய கடிதத்தையே இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அச்சகத்தில் இருபத்தாறு வருடமாகப் புரூஃப் திருத்துகிற கை இது. சிவப்புப் பேனா பக்கத்தில் இருந்தது, கை சும்மா இருக்கவில்லை. மொத்தம் முப்பத்தொரு இடத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. 'கண்ணாடி'யைக் 'கணணாடி' என்று எழுதியிருக்கிறாய். 'தளர்ந்தால்' என்ற ஒரே வார்த்தையில் மூன்று புள்ளியும் காணோம். வைத்த சில புள்ளிகளும் பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்திருக்கின்றன.

புதிதாகப் புரூஃப் பார்க்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, எழுத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் தலையைப் பார் என்பதுதான். ஒருமுறை பள்ளிக்கூட விழா அழைப்பிதழில் 'கல்விக்கே முதலிடம்' என்ற வரியில் ஒரே ஒரு புள்ளி விழுந்துபோயிற்று. என்ன அர்த்தமாயிற்று என்று உனக்கு நான் எழுதிக்காட்ட வேண்டியதில்லை. நாலாயிரம் அழைப்பிதழை மூட்டை கட்டித் திரும்ப எடுத்து வந்தோம். தலைமையாசிரியை இன்றைக்கும் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

ஆனால் நீ அப்படிப்பட்டவள் இல்லையே. நீ புள்ளி வைத்தால் அடுத்த பக்கத்தில் தடவிப் பார்த்தே எண்ணிவிடலாம், அப்படி அழுத்தி வைப்பாய். கண்ணில் கோளாறா, கையில் கோளாறா? இல்லை, உடம்பில் தெம்பே இல்லையா? இன்னும் அந்த இலை தழைதானா? ஒரு முட்டை சாப்பிட்டால் உலகம் முழுகிப் போய்விடாது.

நானும் ஒன்றும் ஒழுங்கில்லை, சிரித்துக்கொள். நேற்று அச்சகத்திலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்துவிட்டேன். மற்றது எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. வயதாகிறது.

அண்ணி


மார்ச் 19

அண்ணிக்கு,

என் கடிதத்தைத் திருத்தி எனக்கே அனுப்ப உங்களால்தான் முடியும். கிழித்துப் போட்டுவிட்டேன். கிழிக்கவே இரண்டு முறை ஆயிற்று, அவ்வளவு கெட்டித் தாள்.

முட்டையைப் பற்றி நீங்கள் பேசலாமா? அண்ணனுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நீங்கள் கேக் செய்தீர்கள். உனக்காகவே முட்டையும் பாலும் இல்லாமல் செய்தது என்று என் தட்டில் நீங்களே வைத்தீர்கள். இரண்டாவது துண்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு இருபது பேர் நடுவில் கையைத் தட்டி, "நாலு முட்டை போட்ருக்கேன், பாரு, ஒண்ணும் ஆகலை"ன்னு சொன்னீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன்கூடச் சிரித்தார். எனக்கு வயிற்றில் ஒன்றும் ஆகவில்லைதான். உங்கள் கையால் தருவதை இனி எப்படி வாயில் வைப்பேன் என்பதுதான் அன்றைக்கு ஆனது. இரண்டு வருடமாகியும் ஆறவில்லை.

பாலையும் முட்டையையும் நான் எதற்காக விட்டேன் என்று உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அந்தப் பண்ணை வாசலில், கன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு அந்த மாடு கத்திய கத்தலை. ஏழு வருடமாகியும் காதில் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். பிடித்த அதே கைதான் மாவில் முட்டையை உடைத்து ஊற்றியது.

நான் பட்டினி கிடக்கவில்லை. பயறு, கொட்டைகள், கீரை, பழம் எல்லாம் சாப்பிடுகிறேன். ஸ்பைருலினா என்கிற பச்சைப் பாசித் தூள் தினமும் காலையில் ஒரு கரண்டி. டப்பாவின் மேலேயே வைட்டமின் பி12 இருக்கிறது என்று போட்டிருக்கிறது. இந்தச் சாப்பாட்டுக்கு அது ஒன்றுதான் குறை என்று எனக்கும் தெரியும், நான் ஒன்றும் விவரம் இல்லாதவள் இல்லை.

வெறும் களைப்பு. மூன்றாவது மாடிக்கு ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறேன். நாக்கு எரிகிறது, சூடாக எதையோ குடித்திருப்பேன். போன வாரம் வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினேன். வேலை அதிகமானால் யாருக்கும் இப்படித்தான். புள்ளி வைக்க நேரமில்லை, அவ்வளவுதான்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 28

திருகாணி,

எட்டு நாளாக எழுதி எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அந்த கேக் விஷயத்தில் நான் செய்தது தப்பு. விளையாட்டுக்குச் செய்தேன் என்று இரண்டு வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். விளையாட்டு இல்லை. நீ உறுதியாக இருந்தது எனக்கு உறுத்தியது. அந்த உறுதியை எல்லார் முன்னாலும் கொஞ்சம் அசைத்துப் பார்க்க ஆசைப்பட்டேன். நீ நம்பித் தின்றதை வைத்துச் சிரித்தேன். மன்னித்துவிடு என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். இன்றைக்குக் கேட்கிறேன்.

இனி நீ நம்பாத வாயால் ஒன்று சொல்லப் போகிறேன். போன வருடம் செவிலியர்களுக்கான ஒரு பாடப்புத்தகத்துக்கு நான்தான் புரூஃப் பார்த்தேன். எழுத்தைப் பார்க்கிற வேலையில் பொருள் தலையில் நிற்காது. ஆனால் உன் கடிதத்தைப் படித்ததும் எங்கோ பார்த்த பக்கம் மாதிரி இருந்தது. அலமாரியில் இருந்த பழைய புரூஃப் கட்டை இறக்கித் தேடினேன். நரம்பு பற்றிய அத்தியாயத்தில் இருந்தது. விரல் நுனி மரத்துப்போவது, நாக்கு மழமழவென்று சிவந்து எரிவது, படி ஏறினால் மூச்சு வாங்குவது, மறதி, காரணமில்லாத எரிச்சல். ஐந்தாவதுக்கு மட்டும் உன்னிடம் காரணம் இருக்கிறது. அது நான்.

திருகாணி மட்டமாக வரவில்லையம்மா. உன் விரலுக்குத்தான் அது தெரியவில்லை.

பாசித் தூள் பற்றியும் அதே பக்கத்தில் போட்டிருக்கிறது. அதில் இருப்பது பி12 மாதிரியே இருக்கிற வேறொன்று. டப்பாவில் எழுதலாம், உடம்பு அதை எடுத்துக்கொள்ளாது. மற்ற பி வைட்டமின்களெல்லாம் பயறிலும் கீரையிலும் உனக்குக் கிடைத்துவிடும். இந்த ஒன்று மட்டும் நீ சாப்பிடுகிற எதிலும் இல்லை. உடம்பு சேர்த்து வைத்திருந்ததை வைத்துச் சில வருடம் ஓட்டிவிடும். உனக்கு ஏழு வருடம் ஆகிறது.

முட்டை சாப்பிடச் சொல்லவில்லை. பால் குடிக்கச் சொல்லவில்லை. இனி என் ஆயுசுக்கும் சொல்ல மாட்டேன். இந்த வைட்டமினைத் தொட்டியில் நுண்ணுயிர்களை வளர்த்துத்தான் தயாரிக்கிறார்களாம், எந்த மாட்டையும் தொட வேண்டியதில்லை. ஆனால் சில மாத்திரைகளின் மேலுறை ஜெலட்டின், அது மாட்டெலும்பு. அதனால் மூன்று கம்பெனிகளுக்கு ஃபோன் செய்து உறை எதில் செய்தது என்று கேட்டேன். ஒரு பெண் நாலாவது தடவையும் நான்தான் பேசுகிறேன் என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டாள். எழுதித் தரச் சொல்லி வாங்கிவிட்டேன். இத்துடன் இருக்கிறது. என் வார்த்தையை நீ நம்ப வேண்டியதில்லை, அவர்கள் முத்திரை இருக்கிறது.

ரத்தத்தை மட்டும் சோதித்துப் பார். அதற்கு முன்னால் நீயாக எந்த மாத்திரையும் போட்டுக்கொள்ளாதே, அளவு சரியாகத் தெரியாமல் போகும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். அவர் கடையிலிருந்து திரும்பும்போது மறுபடியும் ஒற்றைச் செருப்பு. வாசற்படியில் குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. உன் அண்ணன் எனக்குச் செருப்பைக் கயிறு போட்டுக் கட்டிவிடப் போவதாகச் சொல்கிறார்.

அண்ணி


ஏப்ரல் 3

அண்ணிக்கு,

சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை.

திங்கட்கிழமை ஒரு பஸ் டிரைவருடைய கண்ணாடியில் வலது லென்ஸை இடது பக்கமும் இடதை வலது பக்கமும் மாட்டிவிட்டேன். பதினாலு வருடத்தில் இப்படிச் செய்ததே இல்லை. அவர் நல்லவேளையாகக் கடை வாசலிலேயே போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தார். அதைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது லென்ஸ் விரலிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. அது நழுவியது எனக்குத் தெரியவே இல்லை அண்ணி. சத்தம் கேட்ட பிறகுதான் கையைப் பார்த்தேன்.

முதலாளி கத்தியிருந்தால் பரவாயில்லை. ரொம்ப மெதுவாகப் பேசினார். "கொஞ்ச நாள் கவுன்டர்ல இரும்மா, ஃபிரேம் எடுத்துக் காட்டு, போதும்"ன்னார். மாத முடிவில் பார்க்கலாம் என்றார். என் மேசையில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். என் ஸ்குரூடிரைவரை அவர் எடுத்துப் பயன்படுத்துவதைப் பார்த்துக்கொண்டு, வருகிறவர்களிடம் இந்த ஃபிரேம் உங்கள் முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது இந்தக் கைவேலை ஒன்றுதான். அது போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

நீங்கள் அனுப்பிய கம்பெனிக் கடிதத்தைப் படித்தேன்.

திருகாணி


ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணிக்கு,

'அன்புள்ள' என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் கண்ணுக்குத் தப்பாது.

பி12 அளவு இருநூறுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் எனக்குத் தொண்ணூற்றாறு. டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி விரல் நுனியைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். தொட்டபோது இல்லை என்றும் தொடாதபோது ஆமாம் என்றும் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் என் தோளில் கை வைத்ததும் அழுதுவிட்டேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி, இரண்டு வாரத்துக்கு. பிறகு வாரத்துக்கு ஒன்று, அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒன்று. சாப்பாட்டை மாற்றச் சொல்லப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சொல்லவில்லை. இதையே சாப்பிடலாம், ஆனால் இந்த ஊசியையோ மாத்திரையையோ உயிர் இருக்கிறவரை விடக் கூடாது என்றார். விரல் திரும்பிவிடும், பொறுமை வேண்டும் என்றார். இன்னும் ஆறேழு மாதம் தள்ளிப்போயிருந்தால் முழுதாகத் திரும்பும் என்று தன்னால் சொல்லியிருக்க முடியாது என்றும் சொன்னார்.

யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். என் அண்ணி என்றேன். டாக்டரா என்றார். இல்லை, அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறார், நான் கடிதத்தில் புள்ளி வைக்காததைப் பார்த்துச் சொன்னார் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பிறகு, தான் எழுதிய மருந்துச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

அண்ணி, என் கூடவே இருக்கிறவர்கள் யாரும் பார்க்காததை, நான் பேசாமல் ஒதுக்கி வைத்த நீங்கள் பார்த்தீர்கள். அந்தச் சிவப்பு மைத் தாளைக் கிழித்துப் போட்டதற்காக இப்போது என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. நன்றி என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. வேறு வார்த்தை எனக்குத் தெரியாது.

இப்போது என் முறை. உங்கள் செருப்பைப் பற்றி டாக்டரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். பதினோரு வருடமாகச் சர்க்கரைக்குச் சாப்பிடுகிறீர்களே, அதைச் சொன்னேன். அந்த மாத்திரையை ரொம்ப வருடம் சாப்பிட்டால், மீனும் முட்டையும் தின்றாலும் இந்த பி12 உடம்பில் சரியாகச் சேராதாம். செருப்பு கழன்றது காலுக்குத் தெரியவில்லை என்றால் வயதென்று விடக் கூடாது, உடனே பார்க்கச் சொல்லுங்கள் என்றார். சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதையும் சொல்லச் சொன்னார்.

போகாமல் சாக்குச் சொன்னால் உங்கள் கடிதங்களைச் சிவப்பு மையில் திருத்தி அச்சகத்து முகவரிக்கு அனுப்புவேன்.

திருகாணி


ஏப்ரல் 25

அன்புள்ள திருகாணிக்கு,

நூற்றிருபத்தெட்டு.

இதுதான் என் ரத்தத்தில் இருந்த அளவு. உன்னிடம் இலை தழை என்று கேலி பேசியவள் நான். நீ தொடாததையெல்லாம் வாரத்துக்கு நாலு நாள் தின்றவள். இப்போது உனக்குப் போடுகிற அதே ஊசியைத்தான் எனக்கும் போடுகிறார்கள்.

கால் மரத்துப்போவதைச் சர்க்கரை என்று நானே முடிவு கட்டி யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். சர்க்கரையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றுதான் இங்கே டாக்டர் சொல்கிறார். ஆனால் பி12 இவ்வளவு குறைந்திருப்பதை இத்தனை வருடம் யாரும் பார்க்கவில்லை. உள்ளங்காலில் எப்போதும் காலுறை போட்டிருப்பது போல இருக்கும். குளிக்கும்போதுகூட. உன் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணியவளுக்குத் தன் கால் போவது தெரியவில்லை. ஊர் எழுத்தைத் திருத்துகிறவள் நான், என்னை நீ திருத்தினாய்.

உன் அண்ணன் அழுதார். அந்தக் கண்ணாடியைக் கழற்றி, நீ வைத்த துணியால்தான் துடைத்தார், சட்டை முனையால் இல்லை. அன்றைக்கு உன்னைப் பார்த்துச் சிரித்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது என்று எழுதச் சொன்னார். அவரையே எழுதச் சொன்னேன். மூன்று வரி எழுதி மடித்து வைத்திருக்கிறார், பிழைகளோடு அப்படியே அனுப்புகிறேன். திருத்தவில்லை.

நீ என்னை மன்னித்தாயா என்று கேட்க மாட்டேன். என்மேல் கோபமாக இருந்த நேரத்திலும் என் செருப்பை ஞாபகம் வைத்திருந்து கேட்டாயே. அது எனக்குப் போதும்.

அண்ணி


ஜூலை 16

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று என் மேசைக்குத் திரும்பினேன். முதலாளி ஸ்குரூடிரைவரைத் துடைத்து என் பக்கம் வைத்துவிட்டுப் போனார். முதலில் ஒரு வாசிப்புக் கண்ணாடி. திருகாணியை விரல் நுனியில் எடுத்தேன். அதன் மேல் சுற்றியிருக்கும் மரைக் கோடுகூட விரலில் தெரிந்தது. ஒரே முறையில் உள்ளே போனது. இடது கை மோதிர விரலில் மட்டும் இன்னும் கொஞ்சம் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது, அதுவும் போய்விடுமாம். மூன்றாவது மாடிக்கு நிற்காமல் ஏறுகிறேன். சாவியும் ஆணியில்தான் தொங்குகிறது.

உங்கள் பாதம் எப்படி இருக்கிறது என்று நீங்களாக எழுத மாட்டீர்கள், அண்ணன்தான் இரண்டு வரி எழுதியிருந்தார். போன வாரம் ஈரத் தரையில் நின்று, ஜில்லென்று இருக்கிறது என்று அவரைக் கூப்பிட்டுச் சொன்னீர்களாமே. அதைக் கேட்டு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கீழே பாருங்கள். மார்ச் மாதம் நான் உங்களுக்கு வைக்காமல் விட்ட புள்ளிகள். அழுத்தித்தான் வைத்திருக்கிறேன், பின்பக்கம் தடவிப் பாருங்கள். வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

. . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . .

திருகாணி


ஆகஸ்ட் 20

அன்புள்ள திருகாணிக்கு,

எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்று சரியாக இருக்கிறது. தடவியும் பார்த்தேன்.

இத்துடன் ஒரு கேக் அனுப்புகிறேன். உன் அண்ணனுக்குப் பிறந்தநாள் வருகிறது, நீ வர முடியாது என்று தெரியும். உள்ளே என்னென்ன போட்டேன் என்பதை ஒட்டிய உறைக்குள் எழுதி வைத்திருக்கிறேன். கடையில் வாங்கிய பாக்கெட்டுகளின் மேலட்டையையும் வெட்டி வைத்திருக்கிறேன். உன் அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். படித்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடு. சாப்பிட மனம் வராவிட்டாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன், கடையில் யாருக்காவது கொடுத்துவிடு.

அண்ணி


ஆகஸ்ட் 27

அன்புள்ள அண்ணிக்கு,

கேக் வந்த அன்றைக்கே இரண்டு துண்டு சாப்பிட்டேன். மறுநாள் மூன்று. மிச்சத்தைக் கடைக்கு எடுத்துப் போனேன், முதலாளி இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார். அண்ணனிடம் சொல்லுங்கள், அவருக்காக நானே ஒரு துண்டு கூடச் சாப்பிட்டேன்.

இனி ஃபோன் செய்யுங்கள். எடுப்பேன். ஆனால் கடிதத்தையும் நிறுத்த வேண்டாம், நமக்குள் யாருக்கு எது குறைகிறது என்று அதில்தானே தெரிகிறது. கேக்கோடு வந்த உறையின் மேல் எழுதியிருக்கும் 'பட்டியல்' என்ற வார்த்தையில் கடைசிப் புள்ளி இல்லை. இந்த மாத ஊசியைப் போட்டுக்கொண்டீர்களா?

உறையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் ஒட்டியது ஒட்டியபடியே இருக்கிறது.

திருகாணி